சாப்பாட்டு நேரத்தில் வீங்கும் தாடையும் வலிக்காத கட்டியும்

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். வயது 41. தையல் கடையில் வேலை. எட்டு மாதமாக, சாப்பிடத் தொடங்கினால் வலது தாடைக்குக் கீழே வீங்கி வலிக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் தானாக வற்றிவிடும். முதலில் பல்தான் காரணம் என்று கொடுப்புப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வீக்கம் நிற்கவில்லை. பிறகு கூகைக்கட்டு என்று மூன்று தடவை மருந்து தந்தார்கள். போன மாதம் எடுத்த ஸ்கேனில் உமிழ்நீர்க் குழாயில் 7 மில்லிமீட்டர் கல் இருப்பதாக வந்திருக்கிறது. சுரப்பியை வெட்டி எடுக்க வேண்டி வரும், வாய் கோணிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயப்படுத்துகிறார்கள். சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிற நெருஞ்சில் கசாயத்தில் இது கரையுமா? தடிமன், தும்மலுக்கு இரவில் பிரிட்டன் (Piriton) மாத்திரை போடுகிறேன். வேறு மருந்து இல்லை. என் அப்பாவுக்கும் காதுக்குக் கீழே ஒரு உருண்டை ஆறேழு வருடமாக இருக்கிறது. வலியில்லாததால் அவர் எங்கும் காட்டவில்லை. வெற்றிலை போடுவார், மற்றபடி சுகமாக இருக்கிறார். நானும் அவரைப் போல இதை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உங்களுக்காக எழுதியது முக்கால்வாசி, அப்பாவுக்காக எழுதியது இரண்டு மூன்று வரி. வாசித்து முடித்தபோது எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த இரண்டு மூன்று வரிதான். உங்களுடையது வலிக்கிறது, ஆனால் ஆபத்தானது அல்ல. சிகிச்சையும் பெரும்பாலும் சின்னது. அப்பாவுடையது வலிக்கவில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. இரண்டையும் விளக்குகிறேன். முதலில் உங்களுடையது.

தாடைக்குக் கீழே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. அங்கே சுரக்கும் உமிழ்நீர் ஏறத்தாழ 5 சென்ரிமீட்டர் நீளமான ஒரு குழாய் வழியாக நாக்குக்கு அடியில் வந்து விழுகிறது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய நரம்பு போன்ற மடிப்பு, அதன் இரு பக்கமும் குண்டூசித் தலை அளவில் இரண்டு சின்ன மேடுகள் தெரியும். குழாயின் வாய் அதுதான். இந்தக் குழாய் கீழிருந்து மேலே ஏறி வருகிறது. அதில் வரும் உமிழ்நீரும் காதுக்குக் கீழே இருக்கிற கன்னத்துச் சுரப்பியில் வருவதைவிடப் பிசுபிசுப்பானது, கல்சியமும் கூடியது. உமிழ்நீர்க் கல் வருகிறவர்களில் 100 பேருக்கு 80 பேர் வரை இந்தக் கீழ்த்தாடைச் சுரப்பியிலேயே வருவதற்கு அதுதான் காரணம்.

சோற்றைக் கண்டதும், புளிக்கறியின் வாசம் பட்டதும் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும். வழியில் கல் நிற்பதால் ஊறிய உமிழ்நீர் வெளியே வர முடியாமல் பின்னால் தேங்கும். சுரப்பி வீங்கும், இறுகும், வலிக்கும். சாப்பாடு முடிந்த பிறகு சுரப்பது குறையும், தேங்கியது கல்லின் ஓரத்தால் மெல்ல மெல்லக் கசிந்து வடியும், வீக்கம் வற்றும். நீங்கள் எழுதிய 'சாப்பிடத் தொடங்கினால்', 'ஒரு மணித்தியாலத்தில்' என்ற இரண்டு சொற்களுமே பாதி நோயைச் சொல்லிவிட்டன. எங்கள் துறையில் வீக்கத்தின் அளவைவிட அது வருகிற நேரம்தான் அதிகம் சொல்லும்.

பல்வலி இப்படி வராது. சொத்தைப் பல் இனிப்புக்கும் குளிருக்கும் கூசும், இரவில் குத்தும், தட்டினால் வலிக்கும். அதில் சீழ் வைத்து வீங்கினால் நாள் கணக்கில் நிற்கும். கூகைக்கட்டு ஒருவருக்குப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவைதான். காய்ச்சலோடு வந்து, காது அடியில் சொக்கை உப்பி, ஒரு கிழமையளவு நின்றுதான் போகும். மூன்றாவது தடவையும் கூகைக்கட்டு என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே கேள்வி கேட்க வேண்டும். இது உங்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகள் வைத்திருக்கிற எல்லோருக்கும். 3 முதல் 6 வயதளவில் சில பிள்ளைகளுக்குக் காது அடிச் சுரப்பி வருடத்தில் பல தடவை வீங்கி வற்றும். அது கூகைக்கட்டு அல்ல, வேறொரு அழற்சி; பெரும்பாலும் பருவ வயது வரும்போது தானாக நின்றுவிடும். அதுவரை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கவனித்துக்கொண்டால் போதும். பெரியவர்களில், முக்கியமாக 40, 50 வயதுப் பெண்களில், இரண்டு பக்கமும் வீங்கி, வாய் காய்ந்து, கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தினால் அது இன்னொரு கதை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்கும் சோகிரன் என்ற நோயைத் தேட வேண்டும். அதற்கு இரத்தப் பரிசோதனையோடு, கீழ் உதட்டின் உட்புறத்திலிருந்து அரிசி அளவிலான சில சின்னச் சுரப்பிகளை எடுத்துச் சோதிப்பார்கள். உங்களுக்கு ஒரே பக்கம், வாய் காய்வதாகவும் எழுதவில்லை என்றபடியால் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

சரி, கசாயம். நெருஞ்சில் சலத்தைக் கூட்டும் என்றுதான் சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிறார்கள். உமிழ்நீர்க் குழாய்க்கும் சலம் போகிற வழிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. உங்கள் கல் பெரும்பகுதி கல்சியம் பொஸ்பேற்று. அதைக் கரைக்க நாட்டு மருந்திலும் இல்லை, எங்கள் மருந்திலும் இல்லை. பால் குடித்ததாலோ கிணற்றுத் தண்ணீர் குடித்ததாலோ வந்தது என்றும் நினைக்க வேண்டாம். இரத்தத்தில் கல்சியம் சரியாக இருக்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது வருகிறது.

ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உமிழ்நீரைத் தடிக்க வைக்கும், அது கல்லுக்கு ஒரு துணைக்காரணம் என்று கருதப்படுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தையல் கடை, துணிக்கடைகளில் நிற்கிற பெண்கள் பலர் காலையில் ஒரு தேத்தண்ணீரோடு வந்து பின்னேரம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. கடையில் போக ஒழுங்கான கழிப்பறை இல்லை என்பதுதான் காரணம். பெண்களை வேலைக்கு வைக்கிற முதலாளிமார் இதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. அப்புறம், நீங்கள் போடும் பிரிட்டன் மாத்திரையும் உமிழ்நீரைக் குறைக்கிறது. கட்டாயம் தேவையா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று தந்தவரிடம் கேளுங்கள்.

இனிச் சிகிச்சை. 2, 3 மில்லிமீட்டர் கல் என்றால் நிறையத் தண்ணீர், சூட்டு ஒத்தடம், சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் தடவி விடுவது, சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் தேசிக்காய் என்று பார்த்திருக்கலாம், பல தடவை தானாக வந்து விழுந்துவிடும். 7 மில்லிமீட்டர் அப்படி வருவது அரிது. புளிப்பை வாயில் போட்டால் அடைப்புக்குப் பின்னால் இன்னும் தேங்கி உங்களுக்கு வலிதான் கூடும், ஆகவே இப்போதைக்கு அது வேண்டாம்.

கல் எங்கே நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இதை விரலாலேயே பார்க்கலாம். வைத்தியர் கையுறை போட்ட ஒரு விரலை உங்கள் நாக்குக்கு அடியில் வைத்து, மற்றக் கையால் தாடைக்குக் கீழே இருந்து மேலே தூக்கிக்கொடுத்து, பின்னாலிருந்து முன்னால் தடவிக்கொண்டு வருவார். கல் இருந்தால் இரண்டு விரலுக்கும் நடுவில் தட்டுப்படும். பிறகு குழாயின் வாயைப் பஞ்சால் ஒற்றித் துடைத்துவிட்டுச் சுரப்பியை அமத்துவார். தெளிந்த உமிழ்நீர் ஒரு சொட்டு வருகிறதா, கலங்கி வருகிறதா, சீழ் வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்று பார்ப்பார். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, இரண்டு நிமிடமும் ஆகாது. தாடை வீக்கத்தோடு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் செய்தால் எத்தனையோ நல்ல பற்கள் தப்பும். எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், பல்லுக்கு நடுவில் ஃபிலிமைத் தட்டையாகக் கடித்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே எடுக்கிற படம்தான் இதற்கு நல்லது. முழுத் தாடையையும் காட்டுகிற படத்தில் கல் எலும்பு நிழலுக்குள் மறைந்துவிடலாம். ஐந்தில் ஒரு கல் அளவில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும், அதனால்தான் ஸ்கேன். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

கல் குழாயின் முன்பகுதியில் இருந்தால், விறைப்பு ஊசி போட்டு வாய்க்குள்ளேயே எடுத்துவிடலாம். முதலில் கல்லுக்குப் பின்னால் குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கோர்த்து மெல்ல இழுத்துப் பிடிப்போம். இல்லாவிட்டால் கை பட்டதும் கல் பின்னால் வழுகிச் சுரப்பிக்குள் போய்விடும். பிறகு கல்லுக்கு மேலே சின்னதாகக் கீறி, எடுத்துவிட்டு, குழாயைத் தைத்து மூடாமல் அதன் ஓரங்களை நாக்கடித் தோலோடு சேர்த்துத் திறந்தபடி விடுவோம். உமிழ்நீர் அந்தப் புது வாயால் வரும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். வெளியே தழும்பு கிடையாது. கல் எடுத்தபின் சுரப்பி பல பேருக்குத் திரும்ப ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும்.

கல் இன்னும் பின்னால், கொடுப்புப் பல் அளவில் இருந்தால் கொஞ்சம் கவனமான வேலை. நாக்குக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு அந்த இடத்தில்தான் குழாயைக் குறுக்கே கடந்து போகிறது. ஆகவே அதை மயக்க மருந்து கொடுத்துச் செய்வதே நல்லது. சின்னக் கல்லுக்கு, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிப்புள்ள குழாய்க்கமராவை உள்ளே விட்டுக் கூடை போன்ற கம்பியால் பிடித்து எடுக்கிற முறையும் உலகத்தில் இருக்கிறது. உங்கள் கல் அதற்குக் கொஞ்சம் பெரிது.

சுரப்பியை எடுப்பது கடைசி வழி. கல் சுரப்பிக்கு உள்ளேயே ஆழமாக இருந்தால், அல்லது பல தடவை சீழ் பிடித்துச் சுரப்பி கெட்டு இறுகிப் போயிருந்தால் மட்டும்தான். அப்படி வந்தாலும் 'வாய் கோணிவிடும்' என்ற பேச்சுக்கு இவ்வளவு பயப்படத் தேவையில்லை. கீழ் உதட்டின் மூலையை அசைக்கிற மெல்லிய நரம்பு ஒன்று தாடை ஓரத்தால் ஓடுகிறது. அதைத் தவிர்க்கத்தான் தாடைக்கு இரண்டு விரல் கீழே, கழுத்து மடிப்பில் கீறுகிறோம். சிலருக்குச் சில கிழமை உதடு ஒரு பக்கம் தளர்ந்து நிற்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பமிட முதல் உங்கள் வைத்தியரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். மற்றச் சுரப்பிகள் இருப்பதால் வாய் காய்ந்து போகாது.

ஆபத்தானது அல்ல என்றேன், ஆனால் ஒரு விதிவிலக்கு. வீக்கம் வற்றாமல் நின்று, காய்ச்சல் வந்து, நாக்குக்கு அடியில் சீழ் தெரிந்தால் அடுத்த நாளே காட்டுங்கள். நாக்கு மேலே தூக்கி, விழுங்க முடியாமல், எச்சில் வழிந்து, குரல் மாறி, மூச்சு முட்டினால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். நடுச்சாமம் என்றாலும் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். கழுத்துக்குள் இறங்கும் சீழ் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியது.

உங்கள் விஷயம் இவ்வளவுதான். இனி அப்பா.

காதுக்குக் கீழே, தாடை மூலைக்குப் பக்கத்தில் இருப்பது கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி, எல்லாவற்றிலும் பெரியது. அங்கே சாப்பாட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லாமல், கூடாமல் குறையாமல் நிற்கிற உருண்டை என்றால் நாங்கள் முதலில் நினைப்பது சுரப்பிக் கட்டியைத்தான். பயப்பட வேண்டாம், இந்தச் சுரப்பியில் வரும் கட்டிகளில் 100க்கு 75, 80 புற்றுநோய் அல்லாதவை. ஆனால் அவற்றில் மிக அதிகமாக வருகிற வகைக்கு ஒரு குணம் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் சத்தமில்லாமல் மெல்ல வளரும், பிறகு சிலரில் புற்றாக மாறும். முதல் 5 வருடத்துக்குள் அப்படி மாறுவது 100க்கு 1, 2 என்றால், 15 வருடம் தாண்டினால் 10 வரை போகும் என்பது பாடநூல் கணக்கு. உங்கள் அப்பா ஆறேழு வருடத்தில் நிற்கிறார். எடுத்துவிடுவதற்கு இதுதான் நல்ல நேரம்.

வலி இல்லை என்பதுதான் மனிதர்களை ஏமாற்றுகிறது. வலித்தால் அடுத்த நாளே வருவார்கள். வலிக்காததால் பேரப்பிள்ளையின் சாமத்தியவீடு முடியட்டும், வயல் அறுவடை முடியட்டும் என்று வருடங்கள் போய்விடுகின்றன. சுரப்பிக் கட்டியில் வலி தொடங்கினால், வேகமாகப் பெருத்தால், அசைக்க முடியாமல் ஒட்டிக்கொண்டால், கழுத்தில் வேறு நெறி கட்டினால், அல்லது ஒரு கண் மூட முடியாமல் வாய் ஒரு பக்கம் இழுத்தால் அது கெட்ட அடையாளம். அதுவரை காத்திருப்பது மடைத்தனம் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள்: சின்னக் கட்டிதானே, மேலே கீறித் தோண்டி எடுத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். இந்தக் கட்டியின் உறை மெல்லியது. அது கிழிந்து உள்ளே இருப்பது சிதறினால், பல வருடம் கழித்து ஒன்றுக்குப் பதிலாகப் பல கட்டிகளாகத் திரும்ப வரும். அப்போது எடுப்பது முதல் தடவையைவிடப் பல மடங்கு கஷ்டம். முறையான வழி, ஸ்கேன் எடுத்து, மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிச் சோதித்து, தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறகு சுற்றியுள்ள சுரப்பிப் பகுதியோடு சேர்த்து எடுப்பது. முகத்தை அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்கு நடுவாலேயே போய் ஐந்து கிளையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையாகத் தேடிப் பிடித்து, அதைக் காப்பாற்றிக்கொண்டு செய்கிற வேலை என்பதால் பழகிய கை வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில மாதம் முகம் ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம். காதுச் சோணை விறைத்தபடி இருக்கும். சிலருக்குச் சாப்பிடும்போது அந்தக் கன்னம் வியர்க்கும். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் பயம் வராது.

சுரப்பிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சுரப்பி சிறியதாகச் சிறியதாக, அதில் வரும் கட்டி கெட்டதாக இருக்கிற வாய்ப்புக் கூடும். காது அடியில் ஐந்தில் நான்கு நல்லது. தாடைக்குக் கீழே ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மேல்வாய் அண்ணத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். நாக்குக்கு அடியில் பெரும்பாலானவை புற்று. அண்ணத்தில் வலியில்லாமல் ஒரு மேடு எழும்பி, பொய்ப்பல் பொருந்தாமல் போய்விட்டதே என்று பல்லை மட்டும் ராவிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. பல்லைக் கழற்றிவிட்டு அண்ணத்தைக் காட்டுங்கள்.

அப்பா வெற்றிலை போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் எப்படியும் வரப்போகிறார், வாயையும் முழுதாகப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இலங்கை ஆண்களில் முதலிடத்தில் நிற்கிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் என்று பல பெரியவர்கள் சொல்கிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஏற்கெனவே அறிவித்துவிட்டது. வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அப்பாவின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போகவில்லை, உறைப்புக் கறி முன்னைப் போல் இல்லாமல் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளிறி நார் போலத் தட்டுப்படுகிறது என்றால் பாக்கால் வருகிற தழும்பு நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இறுக்கம் முழுதாகத் திரும்பாது. பாக்கை அன்றைக்கே நிறுத்தினால் மேலும் கூடாமல் பிடிக்கலாம், புற்றாக மாறுகிறதா என்று தொடர்ந்து பார்க்கவும் வேண்டும்.

போக வேண்டிய இடம் இருவருக்கும் ஒன்றுதான். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் பல் பிரிவில் பதிந்து, வாய் முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். அங்கே 'ஓ.எம்.எஃப்.' என்றால் தெரியும். தேவைப்பட்டால் அவர்களே பேராதனைப் பல் வைத்தியபீடத்துக்கோ கொழும்புப் பல் வைத்தியசாலைக்கோ எழுதித் தருவார்கள். அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. ஸ்கேன் ரிப்போட்டோடு அதன் படத்தையும், பல் பிடுங்கியபோது எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். குடித்த மருந்துகளின் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். ஒரு பணிஸ் கையில் இருந்தால் வைத்தியர் முன்னாலேயே சாப்பிட்டு, வீக்கம் எழும்புவதை அவருக்குக் காட்டலாம்.

அப்பாவுக்கு ஏழு வருடத்துக்கு முந்திய படம் ஏதாவது வீட்டில் இருக்கும், அடையாள அட்டைப் படம், யாருடையவாவது கல்யாணப் படம். காதுச் சோணை தெரிகிற மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி எவ்வளவு காலத்தில் எவ்வளவு வளர்ந்தது, சோணையை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதை அதை வைத்து வைத்தியர் கணிப்பார். அவர் வர மறுத்தால் உங்கள் கிளினிக்குக்குத் துணைக்கு வரச் சொல்லிக் கூட்டிப்போங்கள். அங்கே போன பிறகு அவருக்கும் ஒரு நம்பர் எடுத்துவிடலாம்.